கட்டும் கட்டறுத்தலும்: பல்லடுக்குத் தாளத்தின் கணிப்பொறி வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1

கலசப்பாக்கத்துக்கு மேற்கே நிற்கும் பர்வதமலையைத்தான் மலைபடுகடாம் சொல்லும் நவிர மலை என்று அறிஞர்கள் பலர் கொள்கிறார்கள். பத்துப்பாட்டில் கடைசியாக வைக்கப்பட்டிருக்கும் 583 அடிப் பாட்டு அது. செங்கண்மாவின் நன்னனிடம் பரிசு வாங்கித் திரும்பும் கூத்தன் ஒருவன், எதிரே வரும் இன்னொரு கூத்தர் கூட்டத்துக்கு வழி சொல்கிறான். ஊரோரம் ஓடும் செய்யாறு அதில் சேயாறாக வருகிறது. ஸ்தலபுராணம் எழுத நினைப்பவர்களுக்கு இந்தத் தகவல்கள் பயன்படும். நமக்கு வேண்டியது வேறு. சத்தங்களை அந்தப் பாட்டு எப்படி அடுக்குகிறது என்பதுதான் இங்கே கேள்வி.

பாட்டின் தொடக்கத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. முழவு, ஆகுளி, பாண்டில், கொம்பு, தூம்பு, குழல், தட்டை, எல்லரி, பதலை என்று கூத்தர்கள் பையில் கட்டித் தூக்கிவரும் கருவிகள். வெறும் பெயர்ப் பட்டியல் இல்லை இது. தட்டை நடுவில் நின்று ஒலிப்பது, பதலை காலத்தை அளந்து காட்டுவது என்று ஒவ்வொன்றுக்கும் கூட்டத்தில் ஒரு வேலை தரப்பட்டிருக்கிறது. பிறகு, பாதி வழியில், இன்னொரு பட்டியல் வருகிறது. மலையில் ஒரே சமயத்தில் கேட்கும் சத்தங்கள்: அருவி, யானை பிடிப்பவர்கள் எழுப்பும் ஒலி, தினை குற்றும் பெண்களின் பாட்டு, குரவை, கரும்பாலை, விளைச்சலைக் காப்பவர்கள் அடிக்கும் பன்றிப் பறை. மலையை யானையாகவும் அதில் எழும் ஓசைகளை அந்த யானையின் மதமாகவும் பார்த்ததால்தான் பாட்டுக்கே அந்தப் பெயர்.

ஆக ஒரு பாட்டுக்குள் இரண்டு வகைக் கூட்டொலி இருக்கிறது. ஒன்று அரசனிடம் போகும் மேளம். அதற்கு வரிசை உண்டு, அளக்கும் கருவி உண்டு, கடைசியில் பரிசும் உண்டு. மற்றது வேலையின் சத்தம். பன்றிப் பறை அடிப்பவனுக்குப் பரிசு கிடையாது. அவன் அடிக்காவிட்டால் பயிர் போகும், அவ்வளவுதான். கணிப்பொறியில் தாளம் போடும் வரலாற்றைப் பேச உட்கார்ந்துவிட்டு இதை ஏன் சொல்கிறேன் என்றால், பையில் கட்டியெடுத்துப் போன மேளம் ஒன்று அந்த வரலாற்றுக்குள் நுழைந்துவிட்டது. பன்றிப் பறை இன்னும் வெளியேதான் நிற்கிறது.

2

முதலில் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒரே கால அளவை ஒருவர் நான்காகவும் இன்னொருவர் ஐந்தாகவும் பிரித்து, இரண்டையும் சேர்த்து அடித்தால் வருவது பல்லடுக்குத் தாளம். இருவரும் ஒன்றாகத் தொடங்குவார்கள். இடையில் எங்கும் சந்திக்கமாட்டார்கள். அடுத்த தொடக்கத்தில்தான் மறுபடி சேருவார்கள். மிருதங்கம் கற்றவர்களுக்கு இது புதிதில்லை. தகிட மூன்று, தகதிமி நான்கு, தகதகிட ஐந்து, தகிடதகதிமி ஏழு; அதற்கு மேல் ஒன்பது. கையில் ஆதிதாளத்தைப் போட்டுக்கொண்டே வாயில் கண்ட நடையைச் சொல்வது அன்றாடப் பயிற்சி.

கச்சேரிக்கு வெளியிலும் இது உண்டு. பறையை எடுத்துக்கொள்ளுங்கள். வலது கையில் கட்டையான அடிக்குச்சி, இடது கையில் மெல்லிய நீண்ட சிண்டுக்குச்சி. ஒரே ஆளிடம் இரண்டு குரல். திருவண்ணாமலைப் பக்கத்து அம்மன் கோயில்களில் ஒலிக்கும் பம்பையில் இரண்டு உருளைகளைச் சேர்த்துக் கட்டி ஒருவரே இரண்டையும் அடிக்கிறார். கூடவே உடுக்கை, சிலம்பு. இந்தத் தாளங்களுக்கும் கணக்கு இருக்கிறது. ஆனால் கணக்கு என்ற சொல்லைக் கச்சேரி மேடை தனக்கென்று வைத்துக்கொண்டது. மேடையில் நடந்தால் கணக்கு. தெருவில் நடந்தால் ஆவேசம்.

நம் சிறுபத்திரிகைகளில் 90களில் பக்தினைப் படித்துவிட்டுப் பலகுரல் பற்றி நிறையவே எழுதினோம். இசையிலிருந்து அந்தச் சொல்லை எடுத்து 1929இல் தஸ்தயேவ்ஸ்கியின் நாவலுக்குப் பொருத்தியவர் அவர். நாமும் நாவலிலேயே நின்றுகொண்டோம். பலகுரல் காதில் விழும் இடத்துக்கு அதிகம் போகவில்லை.

போனவர்களின் கதையும் சிக்கலில்லாதது இல்லை. மத்திய ஆப்பிரிக்கக் குடியரசில் சிம்ஹா அரோம் செய்த ஆய்வு 1985இல் பெரிய நூலாக வந்தது. கூட்டமாக அடிக்கும்போது எது யாருடைய அடி என்று பிரிக்க முடியாததால் அவர் ஓர் உபாயம் செய்தார். ஒருவரை மட்டும் முதலில் பதிவு செய்வது. அதைக் காதுக்கருவியில் கேட்டபடி அடுத்தவர் தன் பங்கை அடிப்பது. அதையும் தனியே பதிவு செய்வது. பல தடங்களில் பதிவு செய்யும் இன்றைய மென்பொருள்கள் எல்லாம் செய்வது இதைத்தான். கானா நாட்டவரான கோஃபி அகாவு 1995இல் எதிர்க்கேள்வி போட்டார்: 'ஆப்பிரிக்கத் தாளம்' என்று தனியாக ஒன்றைக் கண்டுபிடித்து, ஐரோப்பாவுக்கு அறிவும் ஆப்பிரிக்காவுக்குத் தாளமும் என்று பங்கு பிரித்தது யார்? நம்மூரில் அந்தப் பங்கீட்டைச் சாதி செய்தது. கணக்கு ஒருவருக்கு, அடி இன்னொருவருக்கு.

3

கணிப்பொறிக்குத் தாளம் தெரியாது. காலத்தை எத்தனை துண்டாக வெட்டச் சொல்கிறோமோ அத்தனை துண்டாக வெட்டும். எத்தனை என்று முடிவெடுத்தவர்கள் மனிதர்கள். அந்த முடிவுகளுக்குத் தேதி உண்டு.

1980இல் வந்த ரோலண்ட் டிஆர்-808 என்ற தாளப் பெட்டியில் ஒரு சுற்றுக்குப் பதினாறு பொத்தான்கள். நான்கு நான்காகப் பிரிக்க வசதி. 1983இல் மின்னணு இசைக்கருவிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ள மிடி என்ற பொதுமொழி வந்தது. அதன் கடிகாரம் ஒரு பீட்டுக்கு 24 துடிப்பு. இருபத்துநான்கை இரண்டால், மூன்றால், நான்கால், ஆறால் வகுக்கலாம். ஐந்தால் முடியாது, ஏழால் முடியாது, ஒன்பதாலும் முடியாது. திஸ்ரமும் சதுஸ்ரமும் உள்ளே. கண்டமும் மிஸ்ரமும் சங்கீர்ணமும் வெளியே.

1991இல் அந்தப் பொதுமொழிக்கு ஒரு பொது ஒலிப்பட்டியல் சேர்த்தார்கள். சிதார் இருக்கிறது, ஷெனாய் இருக்கிறது. தாளக் கருவிகளுக்கென்று 47 ஒலிகள் ஒதுக்கப்பட்டன. பாங்கோ, காங்கா, கிளேவ்ஸ், முக்கோணம் எல்லாம் உண்டு. மிருதங்கம் கிடையாது, தபலா கிடையாது, பறை கிடையாது. இந்தியா என்றால் தந்தியும் ஊதலும்தான் போல, தோலே இல்லை. திட்டமிட்ட சதி என்று இதைச் சொல்லவில்லை. பட்டியல் போட்ட மேசையில் யார் இருந்தார்கள், யார் இல்லை என்பதைப் பட்டியலே சொல்லிவிடுகிறது.

கட்டற்ற மென்பொருள் இதிலிருந்து தப்பித்துவிட்டதா? ஸ்டால்மன் க்னூ திட்டத்தை அறிவித்தது 1983இல். லினக்ஸ் வந்தது 1991இல். பிறகு அதன்மேல் ஓடும் இசைக்கருவிகள் ஒவ்வொன்றாக வந்தன. தாளம் போட ஹைட்ரஜன், பாட்டு அடுக்க எல்எம்எம்எஸ், ஒலிப்பதிவுக்கு ஆர்டோர், ஒலியை ஒரு நிரலிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்ப ஜாக். இவற்றில் ஹைட்ரஜனும் எல்எம்எம்எஸும் நெடுங்காலம் ஒரு பீட்டை 48 துண்டாகத்தான் வெட்டி வந்தன. 24இன் இரட்டிப்பு. கண்ட நடையில் ஐந்து அடி போட்டுப் பாருங்கள். 48ஐ ஐந்தால் வகுத்தால் 9.6. துண்டைப் பிளக்க முடியாதே, அதனால் 10, 9, 10, 9, 10 என்று விழும். நிமிடத்துக்கு 60 பீட் என்றால் ஒரு துண்டு ஏறக்குறைய 21 மில்லிநொடி. ஐந்தும் சமமாக இருக்கவேண்டிய நடை லேசாக நொண்டும். காசு கொடுத்து வாங்கும் மென்பொருள்களில் வழக்கமாக இருக்கும் 480, 960 என்ற அளவுகளில் ஐந்து சரியாகிவிடும். ஏழும் ஒன்பதும் அப்போதும் வகுபடாது.

நம் ஐந்து நடைகளும் மிச்சமில்லாமல் விழவேண்டுமானால் ஒரு பீட்டுக்கு எத்தனை துண்டு வேண்டும்? 3, 4, 5, 7, 9 ஐந்துக்கும் பொதுவான மிகச்சிறிய மடங்கு 1260. இது கணிப்பொறிக்குப் பெரிய எண்ணா? இல்லவே இல்லை. 1988இல் வந்த மிடி கோப்பு வடிவத்தில் ஒரு பீட்டுக்கு 32767 துண்டு வரை வைக்க இடமிருக்கிறது. அப்படியென்றால் 1260 வராமல் போனதற்குத் தொழில்நுட்பம் காரணமில்லை. கேட்க ஆளில்லை, அதுதான் காரணம். ஏதோ ஒரு பழக்கம் எண்ணாக மாறி, எண் கட்டமாக மாறி, கட்டம் இயற்கை மாதிரி ஆகிவிடுகிறது. அதிகாரம் வேலை செய்வதே இப்படித்தான்.

கட்டற்ற மென்பொருளின் சிறப்பு இங்கே வருகிறது. அந்த 48 ரகசியம் இல்லை. மூலநிரலில் ஒரு வரியாக எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி இருக்கிறது. மாற்ற உரிமை உண்டு. மாற்றாமலும் சமாளிக்கலாம். நான்குக்கு எதிராக ஐந்து வேண்டுமானால் சுற்றை இருபது கட்டமாக எடுத்துக்கொண்டு, ஒரு வரியில் ஐந்து கட்டத்துக்கு ஒன்றும் இன்னொரு வரியில் நான்கு கட்டத்துக்கு ஒன்றும் வைத்து, வேகத்தைக் கூட்டிவிட்டால் முடிந்தது. ஆனால் சமாளிப்பது வேறு, உரிமையாகக் கொள்வது வேறு. வாடகை வீட்டில் சுவரில் ஆணி அடிக்காமல் காலண்டர் மாட்டுகிற மாதிரிதான் இந்த இருபது கட்டம்.

4

கட்டத்தைச் சுற்றி வளைக்காமல் காலத்தையே வேறுமாதிரி யோசித்த மென்பொருள் ஒன்று உண்டு. அது பிறந்த இடம் லக்னோ.

1980களின் தொடக்கத்தில் ஜிம் கிப்பன் என்ற ஆங்கிலேய இசையியல் ஆய்வாளர் அங்கே உஸ்தாத் அஃபாக் ஹுசைன் கானிடம் தபலா கற்றுக்கொண்டிருந்தார். லக்னோ கரானாவின் தலைமை வாத்தியக்காரர் உஸ்தாத். அரசவையும் பழைய புரவலர்களும் போன பிறகு சிரமத்தில் இருந்த மரபு அது. காயிதா என்ற ஒரு மூலப்பாடத்தை வைத்துக்கொண்டு அவர் முடிவில்லாமல் விரித்துக்கொண்டே போவார். எந்த விதியின்படி விரிக்கிறார்? கேட்டால் சொல்லத் தெரியாது, அடித்தால் தெரியும். கிப்பனோடு சேர்ந்த பிரெஞ்சுப் பொறியாளர் பெர்னார் பெல், ஆப்பிள் கணிப்பொறியில் ஒரு நிரல் எழுதினார். பெயர் போல் ப்ராசஸர். 'போல்' என்றால் இந்தியில் சொல். நம் சொற்கட்டில் உள்ள சொல்தான்.

அது ஒலியைப் பதிவு செய்யவில்லை. இலக்கணம் எழுதியது. எந்தச் சொல்லுக்குப் பின் எது வரலாம், எது எதாக மாறலாம் என்ற விதிகளைக் கொடுத்தால் நிரல் புதிய விரிவுகளை உண்டாக்கித் தரும். உஸ்தாத் அதைக் கேட்டு, இது சரி, இது எங்கள் வழியில் வராது என்று சொல்லுவார். விதி திருத்தப்படும். மறுபடி உண்டாக்கும். மறுபடி தீர்ப்பு. இந்த ஏற்பாட்டில் அறிஞர் யார், தகவலாளி யார்? வழக்கமான ஆய்வில் கிராமத்துக் கலைஞர் தகவல் தருபவர். விளக்கம் பல்கலைக்கழகத்தில் நடக்கும். இங்கே இயந்திரம் மாணவன், ஆய்வாளர் எழுத்தர், நீதிபதி இடத்தில் மேளக்காரரின் காது. அறிவதிகாரத்தின் நாற்காலிகளை இடம் மாற்றிப் போட்ட செயல் இது. அவர்கள் இதைப் புரட்சி என்று சொல்லிக்கொள்ளவில்லை என்பது வேறு விஷயம்.

பின்னால் வந்த பதிப்பில் பல்லடுக்குக்கென்று ஒரு குறியீட்டை பெல் சேர்த்தார். இரண்டு சொற்கட்டுகளை ஒரே அடைப்புக்குள், நடுவில் காற்புள்ளி போட்டு எழுதினால் போதும். ஒன்றில் மூன்று சொல், மற்றதில் ஐந்து சொல் இருந்தாலும் இரண்டையும் ஒரே கால அளவுக்குள் பொருத்திக்கொள்வது நிரலின் வேலை. 24, 48, 960 என்ற பேச்சே இல்லை. காலம் இங்கே துண்டு எண்ணிக்கையாக வராமல் விகிதமாக வருகிறது. வாயில் தகதகிட சொல்லிக் கையில் நான்கு போடும் ஒருவரும் அப்படித்தானே நினைக்கிறார்? 9.6ஐ எந்த மேளக்காரர் எண்ணினார்?

இந்தக் குறியீடு அதோடு நிற்கவில்லை. இங்கிலாந்தின் அலெக்ஸ் மக்லீன் டைடல் என்ற கட்டற்ற மென்பொருளை உருவாக்கியபோது போல் ப்ராசஸரின் அடைப்பு முறையை எடுத்துக்கொண்டார். அதை வெளிப்படையாகச் சொல்லியும் இருக்கிறார். டைடலில் பீட்டுக்குப் பதில் சுற்றுதான் அடிப்படை. ஆவர்த்தனம் என்று நாம் சொல்வதற்குப் பக்கத்தில் வருகிறது. காலத்தைப் பின்னங்களாகவே வைத்துக்கொள்வதால் ஏழும் ஒன்பதும் நொண்டுவதில்லை. சத்தத்தை உண்டாக்கிக் கொடுப்பது சூப்பர்கொலைடர். 1996இல் விலைப் பொருளாகத் தொடங்கி 2002இல் கட்டற்றதானது. இன்று ஐரோப்பிய நகரங்களில் இரவு அரங்குகளில் நிரலைத் திரையில் காட்டி, அங்கேயே எழுதி எழுதி ஆடவைப்பவர்கள் கையாளும் குறியீட்டின் வேரில் லக்னோ உஸ்தாத் ஒருவரின் பாடம் இருக்கிறது. போல் ப்ராசஸரும் இப்போது மூலநிரல் திறந்து லினக்ஸில் ஓடுகிறது.

மேற்கிலிருந்து மென்பொருள் வந்தது, நாம் வாங்கிக்கொண்டோம் என்ற ஒற்றைக் கதையாடல் இங்கே உடைகிறது. ஆனால் உடனே மார்தட்டிக்கொள்ளவும் வேண்டாம். உள்ளே போனது எந்த மேளம்? கரானா என்ற பெயரும் அரசவை நினைவும் உள்ள மேளம். நன்னனைப் பார்க்கப் போன பை.

5

2011இல் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது 'விலையில்லா' என்ற சொல்லைப் போட்டது. அந்தக் கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது. அரசு தந்தது விலையில்லாதது. அதற்குள் ஓரமாக இருந்தது கட்டற்றது. இரண்டும் ஒன்றில்லை. விலையில்லாததை வாங்கிக்கொள்ளலாம். கட்டற்றதைப் பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், மாற்றியதை அடுத்தவருக்குக் கொடுக்கலாம். இந்த வேறுபாட்டைச் சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல், ஜவ்வாது மலை அடிவாரத்துப் பிள்ளைகளின் கையிலேயே இருந்த ஒரு சாத்தியம் பலருக்கும் தொடங்கும் திரையில் ஒரு வரியாக மட்டும் நின்றுபோனது.

'கட்டற்ற' என்ற சொல்லையும் கொஞ்சம் யோசிக்கவேண்டும். தாளத்தில் கட்டு என்பது சிறை இல்லை. சொல்லைக் கட்டினால்தான் சொற்கட்டு. தோலை இழுத்துக் கட்டினால்தான் மேளம். கட்டு அறுந்த மிருதங்கம் பேசாது. கேள்வி, யார் கட்டினார்கள் என்பது. 2020இல் வந்த டி.எம். கிருஷ்ணாவின் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' நூல் மிருதங்கத்தைக் கட்டிய தலித் கிறித்தவக் குடும்பங்களைப் பற்றிப் பேசியது. பாலக்காடு மணி ஐயரின் நாதத்துக்குப் பின்னால் பர்லாந்து என்பவரின் கை இருந்தது. மேடையில் ஒருவர் பெயர். கட்டியவர் பெயர் எங்கே? மென்பொருள் உலகில் ஒரு வரி திருத்தியவர் பெயர்கூடக் கோப்பில் பதிவாகிறது. அந்த வழக்கத்தை மட்டுமாவது நம் இசைக்குள் கொண்டுவந்தால் எத்தனை கச்சேரி அழைப்பிதழ்களைத் திருத்தி அச்சிட வேண்டியிருக்கும்!

சரி, அப்படியென்றால் பறையையும் பம்பையையும் உடனே கணிப்பொறிக்குள் கொண்டுபோய்விடலாமா? இங்கேதான் எனக்குத் தயக்கம். கட்டற்ற மென்பொருள் இயக்கம் நான்கு சுதந்திரங்களைச் சொல்கிறது. எந்த நோக்கத்துக்கும் இயக்கலாம், ஆராய்ந்து மாற்றலாம், பகிரலாம், மாற்றியதையும் பகிரலாம். பறையின் வரலாற்றை இந்தப் பட்டியலோடு வைத்துப் பாருங்கள். பறையர்களுக்கு அடிக்கும் உரிமை மறுக்கப்படவில்லை. அடித்தே ஆகவேண்டும் என்ற கடமைதான் சுமத்தப்பட்டது. ஊர்ச் சாவுக்கு அடி, ஊர் அறிவிப்புக்கு அடி. 80களிலும் 90களிலும் தலித் இயக்கங்கள் இரண்டு வழியில் இதை எதிர்கொண்டன. சில இடங்களில் 'இனி அடிக்கமாட்டோம்' என்றார்கள்; அதற்காக அடியும் வாங்கினார்கள். வேறு சில இடங்களில் சாவு வீட்டிலிருந்து பறையை மீட்டு மேடைக்கும் போராட்டத்துக்கும் கொண்டுவந்தார்கள். இரண்டும் சேர்ந்ததுதான் அந்த அரசியல். நான்கு சுதந்திரங்களில் விடுபட்ட ஐந்தாவது ஒன்றை அவர்கள் சொன்னார்கள்: இயக்காமல் இருக்கும் சுதந்திரம்.

பறையின் ஓர் அடியைப் பதிவு செய்து ஒலித்துண்டாக்கி எல்லோருக்கும் திறந்துவிட்டால் என்ன ஆகும்? எந்த நோக்கத்துக்கும் பயன்படுத்தலாம். 'அடிக்கமாட்டோம்' என்று சொன்னவரை வைத்தே, அவர் இல்லாமலே, அதே வீட்டுச் சாவுக்கு ஒலிபெருக்கியில் அடித்துக்கொள்ளலாம். ஒலித்துண்டு மறுக்காது. சம்பளம் கேட்காது, டீக்கடையில் தனி டம்ளர் வைத்தால் கோபப்படாது. 'இந்தியத் தாள ஒலிகள்' என்று விற்கும் தொகுப்புகளும் இலவசமாகக் கிடைக்கும் தொகுப்புகளும் இந்த ஒரு விஷயத்தில் ஒன்றுதான். சத்தத்தை எடுத்துக்கொள்கின்றன, தீர்ப்பை மேளக்காரரிடமே விட்டுவிட்டு வந்துவிடுகின்றன.

லக்னோவில் நடந்தது இதற்கு நேர் எதிர். அங்கே சத்தம் போகவில்லை, தீர்ப்பு போனது. அதனால்தான் அந்த முறை இங்கே பயன்படும் என்று நினைக்கிறேன். பம்பைக்காரரும் பறைக்காரரும் கணிப்பொறி முன் உட்காரவேண்டியது ஒலிப்பதிவுக்கு அடித்துக்காட்ட இல்லை; இயந்திரம் உண்டாக்கிக் காட்டுவதைக் கேட்டு 'இது வராது' என்று சொல்ல. அந்த 'வராது' ஒவ்வொன்றும் ஒரு விதியாகும். விதிகள் சேர்ந்தால் இலக்கணம். ஆவேசம் என்று ஒதுக்கப்பட்டதின் கணக்கு அப்போது தெரியும். அந்த இலக்கணத்தை வெளியிடலாமா, எவ்வளவு வெளியிடலாம், யார் பெயரில் என்பதும் அவர்களுடைய தீர்ப்பாகவே இருக்கவேண்டும். எல்லாவற்றையும் திறந்துவைப்பதே நல்லது என்று, எப்போதும் திறந்தே வைக்கப்பட்டிருந்தவர்களிடம் போய் நாம் உபதேசம் செய்யமுடியாது.

இதற்குப் பெரிய நிறுவனம் வேண்டியதில்லை. பழைய மடிக்கணினி ஒன்று, அதில் லினக்ஸ், போல் ப்ராசஸரோ டைடலோ, பொறுமையாக உட்காரத் தெரிந்த ஒரு பிள்ளை. இதெல்லாம் கலசப்பாக்கத்தில் கிடைக்காதவை இல்லை. மாறவேண்டியது உட்காரும் ஒழுங்கு. நான்குக்கு எதிராக ஐந்தை அடிக்கும்போது ஒருவர் மற்றவருக்காகத் தன் நடையை விட்டுக்கொடுப்பதில்லை. சேரவேண்டிய இடத்தில் சரியாக வந்து சேருகிறார்கள். ஊரும் சேரியும் அப்படி இதுவரை அடித்ததில்லை. ஒருவர் தாளம் போட இன்னொருவர் அடித்ததுதான் நம் வரலாறு.